ஊர்த் திடலில் ஞாயிறு காலை: இளையோருக்கு விளையாட்டும் இயற்கை நடையும் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்திலோ நகரக் குடியிருப்பிலோ 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் விளையாட்டும் இயற்கை நடையும் நடத்த முன்வருவோருக்கான பக்கம் இது. முப்பது பிள்ளைகள், மூன்று பெரியவர்கள், ஒரு திடல் என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம்.

விளையாடவிட்டாலே பிள்ளை வளர்ந்துவிடுமே, தனியாக என்ன செய்ய இருக்கிறது?

உடம்பு வளரும். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரத்தைத் திடல் கொடுத்துவிடும். மனம் வளர்வது ஆட்டத்தை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே கபடி ஒரு பையனுக்கு ‘என்னால் முடியும்’ என்று கற்றுத்தரும். ஓரத்தில் உட்காரவைக்கப்பட்ட இன்னொருவனுக்கு ‘நான் எதற்கும் ஆகமாட்டேன்’ என்று கற்றுத்தரும்.

இளையோர் வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லெர்னர் ஐந்து பண்புகளைப் பேசுகிறார்: திறமை, தன்னம்பிக்கை, பிறரோடு பிணைப்பு, நல்லொழுக்கம், பரிவு. இவற்றைத் திடலில் பார்க்க மூன்று கேள்விகள் போதும். இன்று எல்லோரும் ஆடினார்களா? ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற, ஒரு வாரம் வராவிட்டால் கவனிக்கிற பெரியவர் ஒருவராவது உண்டா? அந்தப் பிள்ளை செய்யாவிட்டால் நடக்காது என்ற வேலை ஏதாவது அதன் கையில் இருக்கிறதா? மூன்றாவதைத்தான் பெரும்பாலான குழுக்கள் மறந்துவிடுகின்றன.

எந்த விளையாட்டில் தொடங்கலாம்?

அதிகம் பேர் ஒரே நேரத்தில் ஆடுகிற விளையாட்டில். கோ-கோவில் ஒரு பக்கம் 9 பேர். 8 பேர் எதிரெதிர்த் திசை பார்த்து வரிசையில் உட்கார, ஒருவர் துரத்துவார். இரண்டு கம்பம் போதும். கிளித்தட்டுக்குக் கோடு மட்டும் போதும். வளையப்பந்துக்கு ஒரு ரப்பர் வளையமும், 1.80 மீட்டர் உயரத்தில் ஒரு வலையோ கயிறோ வேண்டும். வேகமாக ஓட முடியாத பிள்ளையும் இதில் நன்றாக ஆடும்.

கிரிக்கெட்தான் வேண்டும் என்று கேட்பார்கள். மறுக்க வேண்டாம், விதியை மாற்றுங்கள். வழக்கமான ஆட்டத்தில் நன்றாக அடிப்பவன் அரை மணி நேரம் நிற்பான், சின்னப் பையன் எல்லைக் கோட்டில் பந்து பொறுக்குவான். அதற்குப் பதில் ஜோடி ஜோடியாக மட்டை பிடிக்கட்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் 2 ஓவர். அவுட் ஆனாலும் வெளியே போக வேண்டாம், 4 ரன் கழியும். எல்லோரும் ஆளுக்கு ஒரு ஓவர் போட வேண்டும்.

முப்பது பேருக்கான பொருட்கள்: கைப்பந்து 3, ரப்பர் வளையம் 4, டென்னிஸ் பந்து 12, ஐந்து மீட்டர் நீள ஸ்கிப்பிங் கயிறு 2, முப்பது மீட்டர் அளவு நாடா 1, நைலான் கயிறு 40 மீட்டர், விசில் 2. அடையாளக் கூம்புகளுக்குப் பதில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

அணி பிரிக்கும்போது ஒவ்வொரு வாரமும் சண்டை. என்ன செய்வது?

இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்கிறீர்கள் என்றால், கடைசியாக எடுக்கப்படும் பிள்ளை ஒவ்வொரு வாரமும் ஒரே பிள்ளைதான். அது நாலாவது வாரம் வராது. காரணம் கேட்டால் வயிற்று வலி என்று சொல்லும்.

நம் ஊரில் இதற்கு நல்ல வழி முன்பே இருக்கிறது: உத்தி பிரிப்பது. ஏறக்குறைய சமமாக ஆடும் இருவர் ஜோடி சேர்ந்து தள்ளிப் போய், ஒருவர் ‘பூ’, ஒருவர் ‘பிஞ்சு’ என்று இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். கேப்டன் பெயரைத்தான் தேர்ந்தெடுப்பார், ஆளை அல்ல. அணிகளும் சமமாகும், யாரும் கடைசியில் மிச்சமாக நிற்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: நெருங்கிய நண்பர்கள் திறமை பார்க்காமல் ஜோடி சேருவார்கள். உயரம், வயது பார்த்து ஜோடியை நீங்கள் சேர்த்துவிட்டு, பெயர் வைப்பதை அவர்களிடம் விடுங்கள்.

கபடித் திடல் எப்படிப் போடுவது?

ஆண்களுக்கு 13 × 10 மீட்டர், பெண்களுக்கு 12 × 8, சப்-ஜூனியர் பிள்ளைகளுக்கு 11 × 8. கலந்த வயதுக் குழுவுக்குக் கடைசி அளவு சரியாக வரும். ஒரு மூலையில் முளை அடித்து, ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து, இரண்டு முனைக்கும் நடுவே 5 மீட்டர் வருகிறதா பாருங்கள். வந்தால் மூலை நேர்கோணம். நான்கு முளையும் அடித்தபின் மூலைவிட்டங்கள் இரண்டும் 13.60 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் திடல் கோணலாக இருக்கிறது.

தரைதான் முக்கியம். ஒரு சாண் ஆழம் கொத்தி, கல், கண்ணாடிச் சில்லு, வேர் எல்லாவற்றையும் பொறுக்கி, மணலும் மரத்தூளும் கலந்து நிரவ வேண்டும். முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்தால் காலையில் புழுதி எழாது. அன்று காலையிலேயே தெளித்தால் வழுக்கும், முழங்கால் திருகும். கோடு போடக் கோலமாவு போதும். சுண்ணாம்புத்தூள் வேண்டாம், பிடியில் முகம் தரையில் படும்போது கண்ணில் போனால் கண்ணையே வெந்துபோகச் செய்யும். ஆட்டத்துக்கு முன் நகம், மோதிரம், செயின், கைக்கயிறு எல்லாவற்றையும் பாருங்கள்.

ஒரு காலைப் பொழுதை எப்படிப் பிரிப்பது?

தொண்ணூறு நிமிடம். 5:45க்கு வருகை, பதிவேட்டைப் பிள்ளைகளில் ஒருவர் எடுப்பார். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவது: மெது ஓட்டம், நொண்டி, பக்கவாட்டு ஓட்டம். நின்ற இடத்தில் இழுத்து நீட்டும் பயிற்சியை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 15 நிமிடம் ஒரே ஒரு திறன். அதன்பின் 40 நிமிடம் ஆட்டம், நடுவில் தண்ணீர். கடைசி 20 நிமிடம் மரத்தடி. ஆட்டத்தில் நடந்த ஒன்றைப் பேசுவதும், பறவை மரம் பார்ப்பதும் அங்கேதான். பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அறிவுரையாகிவிடும். ‘இன்று யார் யாருக்கு உதவினார்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

வெயில் காலத்தில் நிறுத்திவிடலாமா?

வேண்டாம், நேரத்தை முன்தள்ளுங்கள். பங்குனி முதல் ஆனி வரை ஏழு மணிக்குள் ஆட்டம் முடியட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மில்லி, தாகம் இல்லாவிட்டாலும் குடிக்க வேண்டும். முப்பது பேருக்கு இருபது லிட்டர் கேன் ஒன்று சரியாக இருக்கும், கூடுதலாக ஒன்று கையிருப்பில் வையுங்கள். வயிற்றுப்போக்கோ மிகையான வியர்வையோ இருந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கலக்கலாம். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலை தட்டி. உப்பைக் கைக்கணக்கில் அள்ளிப் போடுவதுதான் வழக்கமான தவறு, கூடிப்போனால் கேடு.

பிள்ளை தள்ளாடினாலோ, உளறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெறும் மயக்கம் இல்லை. நிழலுக்குத் தூக்கி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி, விசிறி, 108ஐ அழையுங்கள். குளிர வைப்பது முதலில், வண்டி அதற்குப் பிறகு. நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இடி மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

சுளுக்கிக்கொண்டால் எண்ணெய் போட்டு நீவலாமா?

கூடாது. முதல் இரண்டு நாள் நீவினால் உள்ளே கசிவு கூடி வீக்கம் பெருகும். காலைத் தூக்கி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஊன்றி நான்கு எட்டு நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே பார்க்க வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அன்று மறுபடி ஆடக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனை. இதை வீட்டாரிடமும் சொல்லி அனுப்புங்கள். திடல் நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி.

எட்டாம் வகுப்பு தாண்டினால் பெண் பிள்ளைகள் வருவதில்லை. ஏன்?

‘ஆர்வம் போய்விட்டது’ என்று எழுதிவிடுவது எளிது. பெரும்பாலும் ஆர்வம் அப்படியேதான் இருக்கும், தடைதான் கூடியிருக்கும். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை பக்கத்தில் இல்லை. மாதவிலக்கு நாளில் என்ன செய்வது என்று கேட்கப் பெண் ஒருவர் இல்லை. திடலைச் சுற்றிப் பைக்கில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் தனியாக வர வேண்டியிருக்கிறது. அரைக்கால் சட்டை கட்டாயம் என்கிறார்கள். வீட்டில் காலை வேலை இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது உண்டு. பக்கத்துப் பள்ளியிடமோ வீட்டிடமோ கழிப்பறைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது. முதலுதவிப் பெட்டியில் நாப்கின் வைத்து, கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பது. டிராக் பேன்ட், சுடிதார் எதுவானாலும் சரி என்பது. தெருவாரியாகக் கூட்டாக வந்து போவது. பெரியவர்கள் மூவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது. வாரத்தில் ஒரு வேளை திடல் முழுவதும் அவர்களுக்கே என்று ஒதுக்குங்கள். ஓரத்தில் மிஞ்சிய இடத்தைக் கொடுத்துவிட்டு ‘எல்லோருக்கும் சம வாய்ப்பு’ என்று சொல்ல முடியாது. அம்மாக்களிடம் பேச திடலுக்குக் கூப்பிடாமல் வீட்டு வாசலுக்குப் போவது பலன் தரும்.

தெருவாரியாக அணி அமைத்தால் எளிதாக இருக்குமே?

பல ஊர்களில் தெரு என்பது சாதி. தெரு அணிகள் என்றால் சாதி அணிகள்; ஒரு தவறான நடுவர் முடிவு மாலைக்குள் ஊர்ச் சண்டையாகிவிடும். அதனால் அணிகள் எப்போதும் கலந்தே இருக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் மாற வேண்டும். அணிப் பெயருக்குப் பறவையோ மரமோ வையுங்கள். தலைவர் பெயர்கள் வேண்டாம். சட்டை நிறத்திலும் கவனம் தேவை. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024இல் தமிழக அரசுக்குப் பரிந்துரைத்தது. உங்கள் திடலில் ‘கையில் எதுவும் கட்டியிருக்கக் கூடாது’ என்ற விளையாட்டு விதியே அந்த வேலையைச் செய்துவிடும். தண்ணீர் கேன் ஒன்று, டம்ளர் எல்லோருக்கும் பொது. இதில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இயற்கை நடைக்குக் காட்டுக்குப் போக வேண்டுமா?

முதல் இரண்டு மாதம் திடலை விட்டே வெளியே போக வேண்டாம். திடலோரத்தில் இருக்கும் வேம்போ புங்கையோ ஒன்றை நால்வர் குழுவுக்கு ஒரு மரமாகக் கொடுங்கள். வாரந்தோறும் அதே மரத்தில் துளிர், பூ, காய், பழம் எவ்வளவு என்று குறிக்கட்டும். சீசன்வாட்ச் என்ற இந்தியக் குடிமக்கள் அறிவியல் திட்டம் நடப்பது இப்படித்தான். அதில் பதிவும் செய்யலாம்.

பறவைக்கு 15 நிமிடம் பேசாமல் உட்காருவதே பயிற்சி. ஊர்த் திடலிலேயே மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செண்பகம், தேன்சிட்டு, கொண்டைக்குருவி, மீன்கொத்தி, பருந்து என்று எட்டைத் தொட்டுவிடலாம். பெயர் தெரியாததை ‘வால் நீளம், மார்பு வெள்ளை, தரையில் தத்துகிறது’ என்று எழுதட்டும். நீங்கள் உடனே பெயர் சொல்லிவிட்டால் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். எண்ணிக்கையோடு எழுதிய பட்டியலை இ-பேர்ட் செயலியில் ஏற்றலாம். ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் திடலின் பட்டியலும் சேரும்போது, பிள்ளைகளுக்கு அது பெரிய பெருமை.

பைனாகுலர் வாங்குவதானால் 8×40 அல்லது 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 40 அல்லது 42 மில்லிமீட்டர் அகலம்), நால்வருக்கு ஒன்று. அதற்கு மேல் பெரிதாக்கும் கருவி சின்னக் கையில் ஆடும். வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டை மாட்டாமல் யாரும் தொடக் கூடாது. கூட்டுக்குப் பக்கத்தில் போவது, குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது இரண்டும் வேண்டாம். கிளிக்குஞ்சு எடுத்து வளர்க்கும் ஆசை வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வெளியூர்ப் பயணத்துக்கு என்ன ஏற்பாடு?

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், எவ்வளவு சின்னக் குழுவானாலும் குறைந்தது இருவர். பெற்றோரின் எழுத்து அனுமதியில் இரத்த வகை, ஒவ்வாமை, மருந்து, இரண்டு தொலைபேசி எண்கள் இருக்க வேண்டும். ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுங்கள். ஏரி, குளம், கிணறு, கல்குவாரி எதிலும் இறங்க அனுமதி இல்லை. நீச்சல் தெரியும் என்று சொல்லும் பிள்ளைக்கும் இல்லை.

வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். இரை தேடப் போன பறவைகள் கூடு திரும்பும் மாலைதான் நல்ல நேரம். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டிருக்கும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பான எஸ்.எஸ்.டி.சி.என். ஆண்டின் தொடக்க மாதங்களில் இரவு நடை நடத்துகிறது. பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம் அது. பல கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், டார்ச் அடிக்கக் கூடாது, ஆமை வராமலும் போகலாம். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் அழைத்துச் செல்வது நல்லது.

பாம்பு கடித்தால்?

கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், பாம்பைத் துரத்திப் போக வேண்டாம். வளையல், மோதிரம், காலணியைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததுபோல் கட்டையோடு அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம்; வலியில்லை என்று காத்திருந்தால் மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனை எது என்பதை நடைக்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

பனை விதை நடலாமா?

நடலாம். ஆனால் படம் எடுத்து முடித்துவிடுகிற நிகழ்ச்சியாக வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் வாக்கில், ஒரு சாண் குழியில், மூன்று மீட்டர் இடைவெளியில் நட வேண்டும். விதை முதலில் கீழ்நோக்கித்தான் கிழங்கு விடும். மேலே இலை வரப் பல மாதம் ஆகும். ‘முளைக்கவில்லை’ என்று பிள்ளைகள் தோண்டிப் பார்த்துக் கெடுத்துவிடுவார்கள், அல்லது தைப் பொங்கலுக்கு யாராவது கிழங்கைப் பிடுங்கிவிடுவார்கள். கோடையில் சருகுக்கு வைக்கும் தீயில் குருத்து கருகும். ஆகவே ஐம்பது விதை நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, மாதம் ஒரு முறை பார்த்துவருவது ஆயிரம் விதை நடுவதைவிட மேல்.

பிள்ளைகளிடம் எந்தப் பொறுப்பைக் கொடுப்பது?

பத்து வயதுக்குப் பதிவேடு, தண்ணீர், பொருள் எண்ணி எடுத்துவைப்பது. பன்னிரண்டுக்குச் சூடாக்கும் பயிற்சியை நடத்துவது, புள்ளி எழுதுவது. பதினான்குக்கு நடுவர் வேலை. சிறியவர்கள் ஆட்டத்தில் தொடங்கட்டும். பதினாறுக்கு மாத அட்டவணை போடுவது, செலவுக் கணக்கு எழுதுவது.

தப்பு நடக்கும். தண்ணீர் கொண்டுவர மறப்பார்கள், நடுவர் தவறாக ஊதுவார். பெரியவர் குறுக்கே பாய்ந்து திருத்தினால் அந்தப் பொறுப்பு அன்றோடு செத்தது. உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிடுங்கள். மற்றதை மரத்தடியில் கேளுங்கள். நடுவர் முடிவை எதிர்த்துக் கத்துவது பெரும்பாலும் பெரியவர்கள்தான் என்பதால், கோட்டுக்கு வெளியே நிற்பவர் பேசக் கூடாது என்ற விதியையும் பிள்ளைகளே போடட்டும்.

ஒரு பையன் மிக நன்றாக ஆடுகிறான். அவனை மட்டும் தனியாகத் தயார் செய்யலாமா?

மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கான தேர்வு, முதலமைச்சர் கோப்பைப் போட்டி பற்றி அங்கே விவரம் கிடைக்கும். உங்கள் திடலை அவனுக்காக மாற்ற வேண்டாம். பதினான்கு வயதுக்குள் ஒரே விளையாட்டில் அடைத்துவிட்டால் ஒரே மூட்டு தேய்ந்து, சலிப்பும் வந்துவிடும். ஒரு விளையாட்டின் வாரப் பயிற்சி மணிநேரம் அவன் வயதைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவதில்லையே?

நிறுத்தச் சொல்லாதீர்கள், சுருக்குங்கள். ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை ஞாயிறு மட்டும் 45 நிமிடம், போட்டி எதுவும் இல்லாமல். எத்தனை மணிக்கு வீடு திரும்புவான் என்று பெற்றோரிடம் சொன்ன நேரத்தை ஒரு நிமிடம்கூடத் தாண்ட வேண்டாம். நம்பிக்கை அதில்தான் இருக்கிறது.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன விதி?

பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மறைவான இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. யாரையும் தனியாக வண்டியில் கொண்டுவிடக் கூடாது. இரவில் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. செய்தியெல்லாம் பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும். பிடியைச் சொல்லிக்கொடுக்கத் தொட வேண்டியிருந்தால், சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலும். பெயரோடு படம் வெளியிட வேண்டாம். பாலியல் தொல்லை நடந்திருக்கிறது என்று தெரிந்தால் ‘ஊருக்குள் பேசி முடிப்பது’ என்ற வழியே கிடையாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் உதவி கிடைக்கும். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காமல், சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

குழு நன்றாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோப்பையை எண்ணாமல் பதிவேட்டைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, வருவதை நிறுத்திய பெயர்களை மட்டும் தனியாக எழுதுங்கள். அவர்கள் எல்லோரும் பெண்களா, ஒரே தெருவா, மெதுவாக ஓடுகிறவர்களா, எட்டாம் வகுப்பா? உங்கள் குழு யாரைத் தள்ளிவிடுகிறது என்பது அந்தப் பட்டியலில் தெரியும். பிறகு அந்த வீடுகளுக்குப் போங்கள். கூடவே குழுவிலிருந்து ஒரு பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள், ‘ஏன் வரவில்லை?’ என்று நீங்கள் கேட்டால் கிடைக்காத பதில், ‘நீ வராததால் ஆள் குறையுது, வாயேன்’ என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது கிடைத்துவிடும்.